சென்னைப் புறநகர் ரயில்களின் தாமதம்: கேள்வி பதில்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் அன்றாடம் பயணம் செய்வோர் கேட்ட கேள்விகளுக்கு, ரயில் இயக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த விடைகள்.

கேள்வி (வங்கி ஊழியர், ஊரப்பாக்கம்): இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்துக் கிளம்பினாலும் ஊர்ந்துதான் செல்கிறது. சிக்னல் பச்சையான பிறகும் ஏன் இந்தத் தயக்கம்?

பதில்: பெரும்பாலும் அந்தச் சிக்னல் பச்சையாகியிருக்காது. இத்தடத்தில் தானியங்கி சிக்னல் முறை உள்ளது. முன்னே செல்லும் ரயில் ஒரு பகுதியைக் கடந்ததும் பின்னாலுள்ள சிக்னல் தானாக நிறம் மாறும். அதனால்தான் சில நிமிட இடைவெளியில் ரயில்களை அடுத்தடுத்து அனுப்ப முடிகிறது. இத்தகைய சிக்னல் சிவப்பாக இருந்தால், மோட்டார்மேன் (மின்சார ரயிலின் ஓட்டுநர்) பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, பின்னர் மிகக் குறைந்த வேகத்தில், எந்த நொடியிலும் நிறுத்துவதற்கு ஆயத்தமாக, அடுத்த சிக்னல் வரை செல்லலாம் என்பது விதி. முன்னால் ஒரு ரயில் நின்றுகொண்டிருக்கலாம், தண்டவாளம் விரிசல் கண்டிருக்கலாம், அல்லது சிக்னலே பழுதாகியிருக்கலாம். எது என்று அவருக்குத் தெரியாத நிலையில் அந்த மெதுவான ஓட்டம் ஒன்றே உங்களுக்குப் பாதுகாப்பு. ஒரே ஒரு சிக்னல் பழுதானால்கூட, அதைக் கடக்கும் ஒவ்வொரு ரயிலும் இந்த நேரத்தை இழக்கிறது. பழுது நீங்கிய பிறகும் அந்த இழப்பு உடனே மறைவதில்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, குரோம்பேட்டை): காலை ஏழரை மணிக்கு ஏற்பட்ட பத்து நிமிடத் தாமதம் பதினொரு மணி வரை நீடிப்பது எப்படி?

பதில்: இதில் இரண்டு காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன.

பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால், ஒவ்வொரு நடைமேடையிலும் வழக்கத்தைப் போல ஒன்றரை மடங்குப் பேர் அதற்காகக் காத்திருப்பார்கள். அவர்கள் ஏறி இறங்கக் கூடுதல் நொடிகள் ஆகும். நொடிகள் நிலையத்துக்கு நிலையம் சேர்ந்து நிமிடங்களாகும். ஆகவே பிந்திய ரயில் மேலும் பிந்தும். அதன் பின்னால் வரும் ரயிலுக்கோ கூட்டம் குறைவு. அது விரைவாக ஓடிவந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடும். நெடுநேரம் ஒன்றுமே வராமல் பிறகு இரண்டு ரயில்கள் அடுத்தடுத்து வருவதை நீங்கள் பார்ப்பது இதனால்தான். பின்னால் வருவதில் இடமிருக்கும் என்று அறிவிப்புச் செய்தால் நெரிசல் குறையும். அதைச் செய்யாமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது காரணம், பெட்டித் தொடரின் சுழற்சி. கடற்கரையை அடையும் அதே தொடர்தான் சில நிமிடங்களில் தாம்பரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ திரும்ப வேண்டும். திரும்பும்போது மோட்டார்மேனும் கார்டும் பன்னிரண்டு பெட்டிகளின் நீளத்தை, இறங்கும் கூட்டத்துக்கு எதிராக நடந்து, மறுமுனைக்குச் செல்ல வேண்டும். அட்டவணையில் திரும்புவதற்கான நேரத்தைச் சுருக்கி வைத்திருந்தால், வரும்போது ஏற்பட்ட தாமதம் திரும்பும்போதும் அப்படியே தொடரும். இடையில் தாராளமாக நேரம் விட்டால் தாமதம் அங்கேயே கரைந்துவிடும். ஆனால் அதற்குக் கூடுதல் பெட்டித் தொடர்களும் நடைமேடைகளும் தேவைப்படும்.

கேள்வி (அரசு ஊழியர், கூடுவாஞ்சேரி): விரைவு ரயில்களுக்காக எங்களை ஓரங்கட்டுகிறார்களா?

பதில்: எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் ரயில்களுக்கெனத் தனி இருப்புப்பாதைகள் இருப்பதால், அங்கே இது அரிது. தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவை மூன்று பாதைகள் மட்டுமே. தென்மாவட்ட ரயில்கள் விடியற்காலையில் வரிசையாக வந்துசேரும் நேரமும், நீங்கள் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. விரைவு ரயில் ஒன்று பிந்தி வந்தால் உங்கள் ரயில் காத்திருக்க நேரிடும். எழும்பூருக்கு வடக்கேயும் நெடுங்காலம் இடநெருக்கடி இருந்தது. எழும்பூர் – கடற்கரை நான்காவது பாதைப் பணிக்காக, 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் கடற்கரை வரை செல்லாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. அந்த ஓராண்டுக்கும் மேலான அலைச்சலை அதன் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (செவிலியர், வியாசர்பாடி): மழை பெய்தால் மின்சார ரயில் ஏன் நிற்கிறது?

பதில்: ரயில் எங்கே இருக்கிறது என்பதைப் பல இடங்களில் தண்டவாளத்தில் பாயும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டே சிக்னல் அறிகிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே நீர் தேங்கினால், அங்கே ஒரு ரயில் நிற்பதாக எண்ணிச் சிக்னல் சிவப்பாகிவிடும். தவறினாலும் பாதுகாப்பான பக்கத்தில் தவற வேண்டும் என்றே அது அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டினால் போக்குவரத்தையே நிறுத்துவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது அதுதான்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பல்லாவரம்): தாமதமான ரயிலை மோட்டார்மேன் சற்று வேகமாக ஓட்டி நேரத்தை ஈடுகட்டக் கூடாதா?

பதில்: அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கு உள்ளே அவர் ஈடுகட்டத்தான் முயல்வார். அதற்கு மேல் எதிர்பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று இருக்கிறது. 2005 ஏப்ரல் 25 அன்று அமாகசாக்கி நகரில், 23 வயது ஓட்டுநர் ஒருவர் முந்தைய நிலையத்தில் ரயிலை நடைமேடையைத் தாண்டி நிறுத்திவிட்டு, பின்னோக்கி வந்து பயணிகளை ஏற்றியதில் ஒன்றரை நிமிடம் போலப் பிந்தினார். அடுத்து வந்த வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். ரயில் ஏறத்தாழ 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, தடம்புரண்டு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தனர். பிழை செய்யும் ஓட்டுநர்களை மறுபயிற்சி என்ற பெயரில் நிறுவனம் கடுமையாக நடத்திவந்ததும், அந்த அச்சம் அவருடைய கவனத்தைச் சிதறடித்திருக்கலாம் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. தாமதத்துக்காகப் பணியாளரை மிரட்டும் எந்த நிர்வாகமும் இந்த விசாரணை முடிவை ஒருமுறை படித்தாக வேண்டும்.

கேள்வி (மோட்டார்மேன் ஒருவரின் மனைவி): பயணிகளின் சிரமத்தை எல்லாரும் பேசுகிறார்கள். ரயில் பிந்தும்போது என் கணவர் வீடு திரும்பும் நேரமும், உறங்கும் நேரமும் குலைந்துபோகின்றன. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. ஓட்டுநர்களின் பணி நேரம் இரண்டு வாரங்களுக்குச் சராசரியாக 104 மணி என்பது விதி. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பணி செய்தவருக்குத் தலைமையிடத்தில் (அவர் பணியமர்த்தப்பட்ட ஊரில்) 16 மணி நேர ஓய்வும், அதற்குக் குறைவாகச் செய்தவருக்கு 12 மணி நேர ஓய்வும் உண்டு. அடிக்கடி தாமதம் நேரும்போது பணி முடியும் நேரம் தள்ளிப்போகிறது, ஓய்வும் தள்ளிப்போகிறது, அடுத்த நாளின் பணிப்பட்டியல் மாறுகிறது, மாற்று ஆள் குறைவாக இருந்தால் அந்தச் சுமை இன்னொரு குடும்பத்தின் மேல் விழுகிறது. வார ஓய்வான 30 மணி நேரத்தை இந்த 16 மணி நேரத்தோடு சேர்த்து 46 மணி நேரமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூன் மாதத்தில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் (ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள்) போராடினார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. களைத்த கண்கள் சிக்னலைத் தவறவிட்டால் அதன் விலை எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்தொடர் ரயிலின் ஓட்டுநர் அறையில் மோட்டார்மேன் தனியாகவே இருக்கிறார். அங்கே கழிப்பறை இல்லை. கையை எடுத்தால் ரயில் தானே நின்றுவிடும் வகையில் அமைந்த கைப்பிடியை அழுத்திக்கொண்டே ஓட்டுகிறார். தண்டவாளத்தைக் கடப்பவர் ஒருவர் அடிபட்டால், உள்ளே இருக்கும் நமக்கு அது இருபது நிமிடத் தாமதம். அவருக்கோ கண்முன்னே நிகழ்ந்த மரணம், அதுவும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த மரணம். அதற்குப் பிறகு உடனே அவரை மீண்டும் வண்டியோட்டச் சொல்லக் கூடாது.

கேள்வி (தொழிலாளி, மறைமலைநகர்): அடுத்த ரயில் எப்போது வரும் என்று தெரியாதபோது படியில் தொங்கியாவது போகத்தானே வேண்டியிருக்கிறது?

பதில்: உங்கள் நெருக்கடியை உணர்கிறேன், இருந்தாலும் வேண்டாம். 2018 ஜூலை 24 காலையில் மாம்பலம் அருகே மேல்நிலை மின்கம்பி அறுந்து, ரயில்கள் பிந்தின. கூட்டம் வழிய வந்த திருமால்பூர் ரயில் விரைவுப் பாதைக்கு மாற்றி விடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்புச் சுவரில், படிக்கட்டில் தொங்கிச் சென்றவர்கள் மோதி உயிரிழந்தார்கள். வழக்கமான பாதையில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்பது நமக்குப் பழகியிருக்கலாம். தாமத நாளில் ரயில் எந்தப் பாதையில் செல்லும் என்று யாராலும் சொல்ல இயலாது.

கேள்வி (ஆசிரியை, சிங்கப்பெருமாள்கோவில்): தாமதத்துக்கு இழப்பீடு கிடைக்குமா?

பதில்: முன்பதிவுப் பயணச்சீட்டு வைத்திருப்பவர், ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, பயணத்தையும் கைவிட்டால், முழுத் தொகையைத் திரும்பப் பெறலாம். சீசன் டிக்கெட்டுக்கு அப்படி ஏதுமில்லை. ஜப்பானில் ரயில் நிறுவனங்கள் தாமதச் சான்று வழங்குகின்றன. அதைக் காட்டினால் பள்ளியும் அலுவலகமும் ஏற்றுக்கொள்கின்றன. அரை நாள் சம்பளத்தை இழக்கும் நம் பயணிகளுக்கு அந்தச் சான்று பெரிய உதவியாக இருக்கும். பயணிகள் சங்கங்கள் இதை வலியுறுத்திக் கேட்க வேண்டும். இப்போதைக்கு 139 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். ரயிலின் எண், நின்ற இடம், நின்ற நேரம் ஆகிய மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். அவை இருந்தால்தான் கட்டுப்பாட்டு அறையின் பதிவோடு ஒப்பிட்டு விசாரிக்க முடியும்.