பாலைவனத்து நீர்ப் பூங்காவை மூடியது யார்?

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பாழடைந்து கிடக்கும் லேக் டொலோரஸ் நீர்ப் பூங்காவை வீடியோவில் பார்த்தேன். ஓர் ஊழியர் அடிபட்டு வழக்குப் போட்டதால்தான் இழுத்து மூடினார்களாம். ஒரு ஆளால் எத்தனை பிள்ளைகளின் சந்தோஷம் போனது! நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகர், வெள்ளவத்தை

வணக்கம்.

அடிபட்ட அந்த ஊழியர் மேல் பழி போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. வழக்கு எதுவும் இல்லாமலே அந்தப் பூங்கா 80களின் கடைசியில் ஒருமுறை மூடப்பட்டதுதானே.

பொப் பயர்ஸ் என்பவர் தன் குடும்பத்துக்காகக் கட்டி, மனைவி பெயரை வைத்து, 1962இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இடம் அது. நிலத்தடி ஊற்றுத் தண்ணீர், பக்கத்திலேயே லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் போகிற நெடுஞ்சாலை, பிறகென்ன, 70களில் சனம் அள்ளுப்பட்டது. சறுக்குகளைக் கேட்டால் நெஞ்சு பதறும். ஒன்றில் நிமிர்ந்து நின்றபடியே வழுக்கி வரவேண்டும், அது தண்ணீருக்கு 15 அடி மேலேயே முடிந்துவிடும், மிச்சம் அந்தரத்தில்தான். அப்புறம் கூட்டம் குறைந்தது, மூடினார்கள், விற்றார்கள்.

1998இல் புதிய முதலாளிகள் ரொக்-அ-ஹூலா என்று பெயர் மாற்றி, 50களின் அமெரிக்கா மாதிரி சோடித்துத் திறந்தார்கள். மூன்று பருவத்துக்குள் 30 லட்சம் டொலர் கடன், 2000இல் வங்குரோத்து. 2002இல் இன்னொரு பெயரில் திறந்தார்கள், 2004உடன் அதையும் மூடிவிட்டார்கள். வெயில் காலத்தில் மட்டும் உழைக்கிற ஒரு தொழில், ஆனால் வட்டி வருஷம் முழுக்க ஏறும். அந்தக் கணக்கு சரிவராததைத்தான் நான் முதல் காரணமாகப் பார்க்கிறேன்.

1999இல் ஒருநாள் அந்த ஊழியர் பூங்காவின் அன்றைய நேரம் முடிந்த பிறகு சறுக்கில் இறங்கினார், கீழே தொட்டியில் போதிய தண்ணீர் இல்லை. இடுப்புக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. 40 லட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு கிடைத்தது உண்மைதான், ஆனால் இருபதுகளில் இருந்த ஒருவர் மிச்ச வாழ்க்கை முழுக்க எழும்பி நடக்க முடியாமல் இருப்பதற்கு அது பெரிய தொகையா, சொல்லுங்கள்? அவரைக் குற்றவாளியாக்கி வீடியோ போடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷமாவது யோசிக்கவேண்டாமா?

நீங்களும் பண்டாரகம, ஹங்வெல்ல பக்கம் இருக்கிற நீர்ப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளோடு போவீர்கள். மேலே ஏற்றுமுன் சறுக்கு முடிகிற தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். குறைவாகப் பட்டால் அங்கே காவலுக்கு நிற்கிற தம்பியிடம் தயங்காமல் கேளுங்கள், சரியான பதில் வரும்வரை பிள்ளையை விடவேண்டாம்.