அந்த அம்மா என்ன சொல்ல வந்தார்?

கேள்வி: எம்.ஃபில். உளவியல் முடித்துவிட்டு, வேலூர் பக்கம் முன்னாள் படைவீரர்கள் வரும் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பொது மருத்துவரின் அறைக்கு அடுத்த அறை என்னுடையது. முதுகுவலி, சுகர், தூக்கமில்லை என்று வருபவர்களை அவர் என்னிடம் அனுப்புகிறார். அவர்களோ விறைப்பாக உட்கார்ந்து, "சப் டீக் ஹை மேடம்" (எல்லாம் நல்லா இருக்கு மேடம்) என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். கூட வரும் மனைவிமார் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மா உள்ளே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "அவரே சொல்லட்டும்மா" என்று அனுப்பிவிட்டேன். யாருக்கும் நான் பயன்படவில்லை என்ற எண்ணம் அரிக்கிறது. சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆலோசகர் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காட்பாடி

பதில்: போகலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். அந்த அம்மா என்ன சொல்ல வந்தார்?

உங்கள் கடிதத்தில் அது இல்லை. முதுகுவலி இருக்கிறது, விறைப்பு இருக்கிறது, உங்கள் சலிப்பு இருக்கிறது. அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுகிற ஒருவர் உங்கள் வாசற்படி தாண்டி வந்தார். அவரை வாயைத் திறக்க விடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, யாருமே பேசவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

அந்த அம்மா யார் என்று யோசித்தீர்களா? கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. 2022இல் ஆள் சேர்க்கும் முறை மாறும்வரை, பையன் இருபது வயதுக்குள் போவான். பதினைந்து, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து நாற்பதுக்குள் பென்ஷனோடு வருவான். நடுவில் வருஷத்துக்கு இரண்டு, மூன்று மாத லீவுதான். மாமியாருக்கு வைத்தியம் பார்த்தது, சீட்டுக் கட்டியது, போர்வெல் போட்டது, பிள்ளைகளுக்குக் காது குத்தியது, சாவு வீட்டுக்குப் போய் நின்றது எல்லாம் அந்த அம்மாதான். ஒருநாள் கணவர் காட்பாடி ஸ்டேஷனில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறார். அவருடைய உத்தரவு இல்லாமலே வீடு நடந்துகொண்டிருக்கிறது. கார்கிலையோ இலங்கையையோ சியாச்சின் பனியையோ பார்த்து வந்தவருக்கு அதன் பாரம் வேறு. எதையும் பார்க்காதவருக்கும் இந்த வீடு திரும்புதல் கஷ்டம்தான்.

லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்கிறது. மிச்சம் 263 பேர் என்ன மனதோடு திரும்பினார்கள் என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரிந்திருக்கும்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அந்தக் கணவருக்கு ஓர் ஆபீசர். ஆபீசர் கேட்டால் டீக் ஹை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு பயிற்சியும் கிடையாது. கணவர் ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து உட்காருகிறார், தீபாவளி வெடிச் சத்தத்தில் எங்கே போய் ஒளிகிறார், மிலிட்டரி கேன்டீன் மது பாட்டில் எத்தனை நாள் வருகிறது, காலையில் டம்ளர் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். "நான் போய்ட்டா பென்ஷன் உனக்கு வந்துடும்" என்று போன மாசம் அவர் சொன்னதும் தெரியும். மனச்சோர்வை அளக்க நீங்கள் நிரப்பச் சொல்லும் பி.எச்.க்யூ-9 கேள்வித் தாளில், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்ற ஒன்பதாவது கேள்விக்கு அவர் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார். எதை நம்பி அவரை வீட்டுக்கு அனுப்புவீர்கள்? ஓய்வுபெற்றவர்களில் நிறையப் பேர் வங்கியில் துப்பாக்கியோடு காவல் வேலை பார்க்கிறார்கள். இவர் பார்க்கிறாரா என்றாவது கேட்டீர்களா?

ரகசியம் காக்க வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள், சரி. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவர் உங்களிடம் சொன்னதைப் பொதுவாக அவர் சம்மதமில்லாமல் மனைவியிடம் சொல்லக் கூடாது. மனைவி சொல்வதை நீங்கள் காது கொடுத்துக் கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது? உங்களுக்குப் பக்கத்திலேயே பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. அங்கே சேர்க்கப்படும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்குவது வழக்கம். அதற்கு முன்பே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்க வைத்தார். நீங்கள் பெஞ்சுக்கு அனுப்புகிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். "வீட்ல அம்மாவையும் கூப்பிடட்டுமா?" என்று அவரையே கேளுங்கள்; பெரும்பாலும் மறுக்க மாட்டார். இருவரையும் சேர்த்து உட்கார வைத்துத் தூக்கத்திலிருந்தும் முதுகுவலியிலிருந்தும் ஆரம்பியுங்கள். மனசு என்ற பேச்சு தானாக வரும். அப்புறம் அந்த அம்மாவையும் கொஞ்ச நேரம் தனியாகப் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் அடி விழுகிறது என்றால் கணவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லவே மாட்டார். சொன்னால் பெண்களுக்கான உதவி எண் 181ஐக் கொடுங்கள், அந்தப் பேச்சு கணவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரத்துக்கு 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை இருவர் போனிலும் பதிந்து கொடுங்கள். தினமும் குடிக்கிறவரை "நாளையிலிருந்து நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதை வீட்டு அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள், பாட்டிலை ஒளித்து வைப்பவர் அவர்தான்.

மனைவியிடம் மறைத்துத் தனியாகத் தாங்குவதை வீரம் என்று நினைக்கும் ஆண்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: அது கடமை தவறுவது. எல்லையில் நீங்கள் நின்ற அத்தனை வருஷமும் வீட்டை ஒற்றை ஆளாகக் காத்தவளுக்கு, உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள முழு உரிமை உண்டு.

பக்கத்து அறை மருத்துவரிடமும் ஒரு வேலை இருக்கிறது. சீட்டு எழுதி அனுப்பாமல், முடிந்தபோது அவரே எழுந்து வந்து "தூக்கத்தையும் வலியையும் இவங்களும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்" என்று அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். பட்டாளத்துக்காரர் அவருடைய வார்த்தைக்குக் கட்டுப்படுவார்.

சென்னை வேலை உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், இப்போது போக வேண்டாம். இன்னும் நீங்கள் இந்த வேலையைப் பாதிதான் செய்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பதிவேட்டை எடுத்து, துணைக்கு ஆள் வந்த ஒவ்வொருவருக்கும் மறுதேதி கொடுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து. அந்த அம்மா வீட்டுக்கு மட்டும் இன்றைக்கே போன் போடுங்கள்.