அருவியும் வேண்டும், குகையும் வேண்டும்: காங்கேர் பள்ளத்தாக்கு கேள்வி பதில்

சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் பகுதியில், ஜகதல்பூர் அருகே இருக்கிறது காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. அங்கே போக விரும்பும் டெல்டா மாவட்டத்துக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அந்தப் பகுதியை நன்கு அறிந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. அருவி, குகை இரண்டையும் பார்த்துவிட முடியுமா? (வங்கி ஊழியர், கும்பகோணம்)

முடியாது. அருவியைப் பார்க்கலாம், குகை பூட்டியிருக்கும். இந்தப் பயணத்தில் எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். தீரத்கட் அருவியைப் பொங்க வைக்கும் அதே மழைதான் குடும்சர் குகைக்குள் வெள்ளமாக நுழைகிறது. ஆகவே தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் குகைகளை மூடிவிடுவார்கள். மழை ஓய்ந்து உள்ளே தண்ணீர் வடிந்த பிறகே திறப்பார்கள். பெரும்பாலும் நவம்பர் ஆகிவிடும்.

அருவியின் ஆவேசம்தான் வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். குகைதான் முக்கியம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இரண்டும் ஓரளவு வேண்டும் என்பவர்களுக்கு நவம்பர் பாதிக்குமேல். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அங்கே வானம் தெளிந்திருக்கும். குடை பிடித்துக்கொண்டு ரயில் ஏறி, அங்கே வெயிலில் இறங்கலாம். உங்களுக்கு என் யோசனை: செப்டம்பரை விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறைக்குப் போங்கள்.

உளுந்து தெளித்து, சம்பா அறுவடையையும் முடித்த பிறகுதான் எனக்கு ஓய்வு. மாசி மாதம் போனால் அருவியில் தண்ணீர் இருக்குமா? (விவசாயி, மன்னார்குடி)

இருக்கும், ஆனால் மெலிந்திருக்கும். தீரத்கட் சுமார் 300 அடி உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் அருவி. தண்ணீர் குறைந்தால் அந்தப் படிகள் தெளிவாகத் தெரியும், அதுவும் ஓர் அழகுதான். குகைகளுக்கு மாசி நல்ல காலம். நீங்கள் தைரியமாகப் போகலாம்.

நான் ஒகேனக்கல்லை நன்றாகப் பார்த்தவன். சித்ரகோட்டில் அப்படி என்ன பெரிதாக இருக்கிறது? (மயிலாடுதுறை)

முதலில் ஒன்று: சித்ரகோட் அருவி தேசியப் பூங்காவுக்குள் இல்லை. ஜகதல்பூருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், இந்திராவதி ஆற்றில் இருக்கிறது. பூங்கா வேறு திசையில். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. சித்ரகோட்டில் ஆறு முழுவதும் ஒரே விளிம்பில், குதிரை லாட வடிவில், சுமார் 95 அடி கீழே விழுகிறது. மழைக்காலத்தில் அகலம் ஏறத்தாழ 300 மீட்டர், நிறம் செம்மண் கரைசல். நயாகரா என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்த ஒப்பீடு எனக்குப் பிடிப்பதில்லை. ஒகேனக்கல்லைப் போல எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

டீச்சர், கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூரில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறது. அங்கே ஏன் இப்படிக் குகைகள் இல்லை? (கல்லூரி மாணவர், திருவையாறு)

நல்ல கேள்வி தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையை அரித்து வழி உண்டாக்குகிறது. குகையின் கூரையில் வந்து சொட்டும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் படிகிறது. மேலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை. உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாக ஏடு படிகிறதே, ஏறத்தாழ அதே வேதியியல்தான்.

ஆக, குகைக்குச் சுண்ணாம்புக்கல் மட்டும் போதாது. பாறை தடிமனாகவும் வெடிப்புகளோடும் இருக்க வேண்டும். நல்ல மழை வேண்டும். இறங்கிய நீர் வடிந்து ஓடப் பள்ளமும் வேண்டும். அரியலூர்ப் படிவுகள் டைனோசர் காலத்துக் கடலில் உருவானவை. சுண்ணாம்புக்கல் அங்கே களிமண், மணற்கல் அடுக்குகளோடு மாறி மாறிக் கிடக்கிறது, நிலமும் தட்டை. காங்கேர் சுண்ணாம்புக்கல் அதைவிட மிக மிகப் பழையது, ஓடுள்ள உயிரினங்கள் தோன்றுவதற்கு முந்தியது. அரியலூரில் கிளிஞ்சலும் அம்மோனைட்டும் (சுருள் ஓடுடைய பழங்கால கடலுயிரின் புதைபடிவம்) பொறுக்கிய கையோடு அங்கே போய்த் தேடினால் ஒன்றும் அகப்படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அருவிகள் விழுவது கெட்டியான மணற்கல்லின் மேல், குகைகள் இருப்பது கரையும் சுண்ணாம்புக்கல்லில். ஒரே பள்ளத்தாக்கில் விட்டுக்கொடுக்காத பாறையும் விட்டுக்கொடுக்கும் பாறையும் அடுத்தடுத்து இருப்பதால்தான் நமக்கு இரண்டும் கிடைக்கின்றன.

குடும்சர் குகையில் கண்ணில்லாத மீன் இருப்பது உண்மையா? (இல்லத்தரசி, திருவாரூர்)

உண்மை. 1950-களில் சங்கர் திவாரி என்ற ஆய்வாளர் இந்தக் குகையை ஆராய்ந்த பிறகு அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. வியப்பு என்னவென்றால், அது தனி இனமன்று. அதே இன மீன் வெளியே ஓடைகளில் கண்களோடு நீந்துகிறது. இருட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கூட்டத்துக்குக் கண் சிறுத்து, தோலின் நிறமும் வெளுத்துவிட்டது. திவாரியின் பெயரைத் தாங்கிய குகைப் பூச்சி ஒன்றும் அங்கே உண்டு, சில்வண்டு வகை.

மீன் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு நகருங்கள். பொரி போடும் பழக்கத்தைக் கோயில் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்விழுதையும் தொடக் கூடாது. கையிலிருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது நின்றுபோகும். அதே பூங்காவிலுள்ள கைலாஷ் குகையில் சில கற்களைத் தட்டினால் இசை போல ஒலிக்கும் என்பார்கள். தட்ட வேண்டாம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்கு ஆஸ்துமா. (நாகப்பட்டினம்)

அம்மாவைச் சித்ரகோட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள், மேலிருந்தே முழுதாகப் பார்க்கலாம். தீரத்கட்டில் அடிவாரம் வரை படிகள் உண்டு. இறங்குவது எளிது, ஏறும்போது தெரியும். குடும்சர் நுழைவாய் குறுகலானது, இறக்கம் செங்குத்து, உள்ளே காற்று கனத்துப் புழுக்கமாக இருக்கும். நீங்கள் வெளியே உட்கார்ந்து காட்டைப் பாருங்கள். மனிதக் குரலைப் போல ஒலியெழுப்பும் பஸ்தர் மலை மைனா, சத்தீஸ்கரின் மாநிலப் பறவை, அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

எப்படிப் போவது? (பட்டுக்கோட்டை)

சென்னை, அங்கிருந்து ரயிலில் விசாகப்பட்டினம், அங்கிருந்து கிரந்துல் செல்லும் ரயிலில் ஜகதல்பூர். பகல் ரயிலையே பிடியுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்துகொண்டு அரக்கு வழியாக ஏறும் பாதை அது. நடுவில் போரா குகைகளுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. அதுவும் சுண்ணாம்புக்கல் குகைதான். பூங்கா வாசலில் டிக்கெட், ஜிப்சி வண்டி, வழிகாட்டி மூன்றும் கிடைக்கும். வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் போக முடியாது.

அந்தப் பக்கம் போவது பாதுகாப்பா? (தஞ்சாவூர்)

மாவோயிஸ்ட் மோதல்களால் பஸ்தரின் பெயர் பல ஆண்டுகள் செய்தியில் அடிபட்டது. ஜகதல்பூர், சித்ரகோட், தீரத்கட் ஆகியவை பயணிகள் வழக்கமாகச் சென்றுவரும் இடங்கள். பகலில் போங்கள், பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புங்கள். வனத்துறையினர் வேண்டாம் என்று சொல்லும் பாதையில் சாகசம் காட்டாதீர்கள்.

ராஜேந்திர சோழன் படை அந்த வழியாகப் போனதாமே? (ஜெயங்கொண்டம்)

அவருடைய மெய்க்கீர்த்தியில் வெற்றி கொண்ட இடங்களின் வரிசையில் சக்கரக்கோட்டம் வருகிறது. அதை பஸ்தர் பகுதி என்றே வரலாற்று ஆசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். பின்னர் முதலாம் குலோத்துங்கனும் அங்கே போர் செய்தார். ஆனால், அருவிக்கரையில் நின்று "சோழர் குளித்த இடம்" என்று படம் எடுத்து அனுப்பாதீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

சாப்பாடு? (அம்மாபேட்டை)

அரிசிச் சோறுதான். அவர்களும் தங்கள் மாநிலத்தை நெற்களஞ்சியம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். துணிவிருந்தால் செவ்வெறும்புத் துவையலைச் சுவைத்துப் பாருங்கள், புளிப்பாக இருக்கும்.

அவ்வளவு தொலைவு முடியாது. பக்கத்தில் குகை ஏதாவது? (வேதாரண்யம்)

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் பேலம் குகைகள் இருக்கின்றன. நீளம் 3,229 மீட்டர், அதில் ஒரு பகுதிக்கு விளக்கு போட்டுப் பாதை அமைத்திருக்கிறார்கள். அருவி கிடையாது, காடும் கிடையாது. உள்ளே வெக்கை அதிகம், பருத்தி உடை அணிந்து போங்கள்.