டொரன்ட் ஏன் ஊர்கிறது? கேள்வி பதில்

டொரன்ட் (ஒரு கோப்பைப் பயனர்களின் கணினிகளே துண்டு துண்டாக ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் முறை) வேகம் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் தினமும் பயன்படுத்துவது கியூபிட்டொரன்ட் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அதிலிருந்தே. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பட்டன்களின் பெயர் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

கேள்வி: என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) ஒன்றை இறக்கும்போது 11-க்கு மேல் ஏறவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இணைப்பு தருபவர் சொல்வது மெகாபிட், மென்பொருள் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 100 என்பது 12.5. நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக 11 வருகிறது என்றால் உங்கள் குழாய் முழுதாக நிரம்பி ஓடுகிறது. எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

கேள்வி: அப்லோடு வேகத்தை 5 கிலோபைட்டுக்குக் குறைத்துவிட்டேன், டவுன்லோடுக்கு முழு இடமும் கிடைக்கட்டும் என்று. முன்பைவிட மோசமாகிவிட்டது அண்ணா. ஏன்?

எல்லாரும் முதலில் செய்யும் தவறு இது. நானும் செய்தவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டொரன்ட்டில் உங்களோடு துண்டுகளைப் பரிமாறும் மற்றக் கணினிகள்தான் பியர்கள். இன்னும் முழுக் கோப்பும் கிடைக்காத பியர்கள் சும்மா கொடுப்பதில்லை. யார் தனக்கு அதிகம் அனுப்புகிறார்கள் என்று ஒவ்வொரு பியரும் பத்து விநாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். மேலே இருக்கும் சிலருக்கு மட்டும் கதவைத் திறக்கும், மற்றவர்களைக் காக்க வைக்கும். முப்பது விநாடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்குக் கணக்குப் பார்க்காமல் வாய்ப்புத் தரும். நீங்கள் 5 கிலோபைட் கொடுத்தால் அந்தக் குலுக்கலில் விழும் துண்டுதான் உங்களுக்கு. சீடர்கள் (seeders), அதாவது முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுப்பவர்கள், மட்டும் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அவர்களுக்கு உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லையே. அதனால் சீடர்கள் நிறைய இருக்கும் டொரன்ட்டில் அப்லோடைக் குறைத்தாலும் வித்தியாசம் தெரியாது. சீடர் குறைந்த டொரன்ட்டில்தான் அடி விழும்.

அப்படியானால் அப்லோடைத் திறந்து விட்டுவிடலாமா? அதுவும் வேண்டாம். உங்களுக்கு வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் ‘வந்தது’ என்று ஒரு சின்ன ஒப்புதல் திரும்பிப் போக வேண்டும். அப்லோடு பாதை நிரம்பி வழிந்தால் அந்த ஒப்புதல்கள் வரிசையில் நிற்கும். எதிர்முனை உங்களுக்குச் சேரவில்லை என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். uTP என்ற டொரன்ட்டுக்கான அனுப்பும் முறையில் பேசும் பியர்கள் தாமதத்தைக் கவனித்துத் தாமாக ஒதுங்கும், ஆனால் எல்லா பியர்களும் அதில் பேசுவதில்லை.

என் கணக்கு இது. வேக சோதனை ஒன்றை ஓட்டி அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். 10 எம்பிபிஎஸ் என்றால் ஏறக்குறைய 1200 கிலோபைட். அதில் எண்பது சதவீதம், அதாவது 950-ஐ ஒட்டி வரம்பு வையுங்கள். பூஜ்யம் போட்டால் ‘அனுப்பாதே’ என்று அர்த்தமில்லை, ‘வரம்பே இல்லை’ என்று அர்த்தம். இதில் ஏமாந்தவர்கள் பலர். மாற்றிய பிறகு ஐந்து நிமிடமாவது பொறுங்கள். எண்ணை மாற்றிவிட்டு அடுத்த நொடியே வரைபடத்தை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்வி: ஒரு வீடியோவில் சொன்னபடி அதிகபட்ச இணைப்புகளை 5000 ஆக்கினேன். இப்போது டொரன்ட் ஓடும்போது சாதாரண வலைப்பக்கமே திறப்பதில்லை.

திறக்காதுதான். வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் தன் நினைவில் ஒரு வரியாக எழுதி வைக்கிறது. அந்த அட்டவணைக்கு ஓர் எல்லை உண்டு. அதை டொரன்ட் நிரப்பிவிட்டால் உங்கள் பிரவுசருக்கு இடமில்லை. கியூபிட்டொரன்ட் தானாக வைத்திருக்கும் 500 மொத்தம், டொரன்ட்டுக்கு 100 என்பதே தாராளம். பழைய ரவுட்டர் என்றால் மொத்தத்தை 200-க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கூடினாலும் கூடும்.

அப்லோடு ஸ்லாட்டையும் (ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்ற எண்) ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1000 கிலோபைட்டை ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. யார் கணக்கிலும் நீங்கள் மேலே வரமாட்டீர்கள். பத்துப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 100, மதிப்பு வேறு.

இந்த ‘இணைப்பை ஏற்று’ அறிவுரை எங்கிருந்து வந்தது தெரியுமா? 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக், ஒரே நேரத்தில் பாதி திறந்த நிலையில் இருக்கும் இணைப்புகளைப் பத்தாகக் கட்டுப்படுத்தியது. அதை உடைக்க ஒரு பேட்ச் சுற்றியது. அந்தக் கட்டுப்பாடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது, அறிவுரை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: போர்ட் திறக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையில் அது வேகத்தைக் கூட்டுமா சார்? எப்படிச் செய்வது?

கூட்டும், சில சமயம் நம்ப முடியாத அளவுக்கு. போர்ட் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகள் உங்கள் மென்பொருளை அடையும் எண்ணிட்ட வாசல். அது மூடியிருந்தால் நீங்கள் மற்றவரைத் தேடிப் போகலாம், மற்றவர் உங்களைத் தேடி வர முடியாது. இரண்டு பக்கமும் மூடியிருந்தால் பெரும்பாலும் சந்திப்பே நடக்காது. பட்டியலில் நாற்பது பியர் தெரிந்தும் ஆறு பேரிடமிருந்துதான் வருகிறது என்றால் இதுதான் முதல் சந்தேகம்.

முதலில் விண்டோவின் அடிப்பகுதியில் இருக்கும் இணைப்பு நிலைக் குறியின் மேல் மவுஸை வைத்துப் படியுங்கள். வெளியிலிருந்து இணைப்பு வரவில்லை என்று சொன்னால், செட்டிங்ஸில் யூபிஎன்பி (ரவுட்டரில் போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) தேர்வாகியிருக்கிறதா பாருங்கள், ரவுட்டரிலும் பாருங்கள். பலருக்கு அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் கணினிக்கு நிலையான உள்முகவரி கொடுத்து, ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் மென்பொருள் காட்டும் எண்ணை டிசிபி (TCP), யுடிபி (UDP) என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறந்து விடுங்கள். 6881 முதல் 6889 வரை பழைய வழக்கமான எண்கள், சில இணைப்பு நிறுவனங்கள் அவற்றின் வேகத்தை மட்டும் நெரிப்பதுண்டு. ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் எண் நல்லது.

எல்லாம் செய்தும் திறக்கவில்லையா? ரவுட்டரின் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால், ஒரே பொது முகவரியை இணைப்பு நிறுவனம் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் வாசல் தெருவில் இல்லை. பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபி ஆறாம் பதிப்பு இருந்தால் அதை இயக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரோடு மல்லுக்கட்டியவன் நான்.

கேள்வி: 99.2 சதவீதத்தில் இரண்டு நாளாக நிற்கிறது. எந்த செட்டிங் மாற்ற?

எதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டொரன்ட்டைச் சொடுக்கி ‘கிடைக்கும் தன்மை’ என்ற எண்ணைப் பாருங்கள். அது 0.992 என்றால் நீங்கள் இணைந்திருக்கும் யாரிடமும் மீதித் துண்டு இல்லை, எல்லாரும் அதே இடத்தில் காத்திருக்கிறார்கள். ஒரு சீடர் வந்தால் உண்டு. ஒன்றுக்கு மேல் காட்டியும் நின்றால் மட்டும் ‘மறுபடி சரிபார்’ கொடுங்கள்.

நீளமான ட்ராக்கர் (பியர்கள் யார் என்று சொல்லும் சர்வர்) பட்டியலை ஒட்டலாமா என்றும் இவரே கேட்டிருக்கிறார். ட்ராக்கர் இல்லாமலே பியர்களைக் கண்டுபிடிக்கும் டிஎச்டியும் பியர் பரிமாற்றமும் இயங்கினால் பெரிய லாபமில்லை, நாலைந்து போதும். உறுப்பினர்களுக்கு மட்டுமான தனியார் தளத்தின் டொரன்ட்டில் ஒட்டவே கூடாது, கணக்கு முடக்கப்படலாம்.

கேள்வி: என்கிரிப்ஷன் போட்டால் வேகமாகுமா? விபிஎன்?

இணைப்பு நிறுவனம் டொரன்ட்டை அடையாளம் கண்டு நெரித்தால், தரவை மறைகுறியாக்கும் என்கிரிப்ஷன் உதவலாம். ‘கட்டாயம்’ என்று வைக்காதீர்கள், பியர்கள் குறைவார்கள், ‘அனுமதி’ போதும். அது உங்களை மறைக்காது, மற்ற பியர்களுக்கு உங்கள் ஐபி தெரியும். எல்லாவற்றையும் வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கும், போர்ட் ஃபார்வர்டிங் தராத சேவை என்றால் இன்னும் அதிகமாக.

கேள்வி: தொடக்கத்தில் பறக்கிறது, ஒரு நிமிடம் கழித்து பூஜ்யம், மறுபடி பறக்கிறது. வரைபடம் மலைத்தொடர் மாதிரி இருக்கிறது.

எங்கே சேமிக்கிறீர்கள், யூஎஸ்பியில் செருகிய ஹார்ட் டிஸ்க்கிலா? அப்படியானால் சிக்கல் நெட்டில் இல்லை. துண்டுகள் வரிசையாக வருவதில்லை, அரிதான துண்டு முதலில் என்ற முறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். சுழலும் டிஸ்க் அந்தந்த இடத்துக்கு ஓடி ஓடி எழுத வேண்டும். நினைவகம் நிரம்பும்வரை வேகம், நிரம்பியதும் டிஸ்க் மூச்சு வாங்கும்வரை நிறுத்தம். இன்னும் இறங்கி முடியாத டொரன்ட்டுக்கு எஸ்எஸ்டியில் தனி ஃபோல்டர் கொடுத்து, முடிந்ததும் பெரிய டிஸ்க்குக்கு நகர்த்தச் சொல்லுங்கள், அதற்கு செட்டிங் இருக்கிறது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு துண்டையும் சோதித்துக்கொண்டிருந்தாலும் இதே வரைபடம்தான். இறங்கி முடியாதவை இருக்கும் ஃபோல்டரை மட்டும் சோதனையிலிருந்து விலக்குங்கள், முடிந்த கோப்பைச் சோதிக்கட்டும்.

கேள்வி: ‘டொரன்ட் டர்போ பூஸ்டர்’ மாதிரி ஒரு மென்பொருள் போட்டிருக்கிறேன். நல்லதா?

நீக்கிவிடுங்கள். அப்புறம் ஒருமுறை முழு வைரஸ் சோதனை ஓட்டி, பிரவுசரின் ப்ராக்ஸி செட்டிங்கும் முகப்புப் பக்கமும் நீங்கள் வைத்தவைதானா என்று பாருங்கள்.