பழைய தையல் மெஷினும் புதுப் பெயிண்டும்: கேள்வி-பதில்

கேள்வி: 15 வருடமாகப் பரணில் கிடந்த பாட்டியின் சிங்கர் மெஷினை இறக்கியிருக்கிறேன். சக்கரம் அசையவே இல்லை. பலம் கொடுத்துச் சுற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. இப்படி இறுகிப்போன மெஷின்கள் பலவற்றில் துருவைவிடப் பழைய எண்ணெய்தான் பிசின் போலக் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் ஊசியைக் கழற்றுங்கள். ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைத் திறந்து, அடிநூல் சுற்றிய பாபினை வெளியே எடுங்கள். ஷட்டில், அதாவது மேல்நூலை அடிநூலோடு பின்னவைக்கும் பாகம், ஓடும் இடத்தில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தாலே சக்கரம் நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்து அதை எடுத்துவிடுங்கள். அப்புறம் எண்ணெய்த் துளைகளிலும், ஊசிக்கம்பி ஏறி இறங்கும் இடத்திலும், அடியில் இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும், மெஷின் பிழைத்துவிட்டது. அசையவில்லையா, மறுபடி சொட்டு விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம்கூட ஆகலாம். நன்றாகச் சுற்றத் தொடங்கியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் தேய்மானத்தைத் தடுக்காது.

கேள்வி: மெஷின் ஆயில் கிடைக்கும்வரை தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் எண்ணெய் அது.

கேள்வி: "முழுவதும் சர்வீஸ் செய்தது" என்று சொல்லி, பளபளவென்று ஒரு பழைய மெஷினை விற்றார்கள். பத்தே நாளில் இறுகிவிட்டது. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. நான் ஏமாளியா?

பதில்: இல்லை. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நம்பி வாங்கியவரைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புப் பெயிண்டைப் பார்த்து ஒரு மெஷின் வாங்கினேன். எண்ணெய் விடப் போனால் மேலே துளையையே காணோம். ஊசி முனையால் சுரண்டியதும் பெயிண்ட் ஒரு குட்டி மூடி போலப் பெயர்ந்து வந்தது. அதற்கடியில் துளை, துளைக்குள் செம்மண் நிறத்தில் துருப்பொடி. அந்த மெஷினில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டுப் பார்க்காமலே என்னிடம் தள்ளியிருக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது சர்வீஸ் ஆகாது. காய்ந்த எண்ணெயை எடுக்க வேண்டும். நூல் போகும் வழி முழுவதும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே துரு இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அவற்றைக் கழற்றித் துடைக்க வேண்டும். கடைசியில் இரண்டு மடிப்புத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். உடம்பில் மேலாக இருக்கும் துருவோடு மெஷின் பல வருடம் தைக்கும். ஷட்டிலிலும் ஊசிக்கம்பியிலும் பிடித்த துருதான் அதைக் கொல்லும். பெயிண்ட் அதை எட்டவே எட்டாது. வாங்கப் போகிறவர்கள் ஸ்க்ரூ தலைகளின் பள்ளத்தைப் பாருங்கள், எண்ணெய்த் துளைகளைப் பாருங்கள், சீரியல் எண்ணைப் பாருங்கள். மூன்றிலும் பெயிண்ட் அப்பியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: விளம்பரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். பெயிண்ட் அடைத்த துளைகளையும் படமெடுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி, நாள் குறித்து, எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியது நிற்காது.

கேள்வி: சிங்கர் 28 மாடல் மலிவாகக் கிடைத்தது. படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். வந்த பிறகுதான் ஷட்டில் இல்லை என்று தெரிந்தது. கடையில் வாங்கிய வட்ட பாபினும் பொருந்தவில்லை.

பதில்: பணம் அனுப்புவதற்கு முன் "ஷட்டில் இருக்கிறதா, பாபின் இருக்கிறதா" என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே! 28-க்கு வட்ட பாபின் ஒருநாளும் பொருந்தாது. அதில் இருப்பது தோட்டா வடிவ ஷட்டில், அதற்குள் ஒல்லியான நீள பாபின். தனியாகத் தேடி வாங்கலாம், ஆனால் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். வட்ட பாபின்களிலும் சிங்கர் 15 மாடலுக்கு உரியது வேறு, 66 மாடலுக்கு உரியது வேறு. 66-இன் பாபின் பக்கங்கள் சற்றே உப்பியிருக்கும், 15-இன் பாபின் தட்டையாக இருக்கும். கண்ணால் பார்த்து "ஒன்றுதான்" என்று நினைத்து நானே ஒரு டப்பா நிறைய வாங்கி வீணடித்திருக்கிறேன்.

கேள்வி: துருப்பிடித்த ஸ்க்ரூ, பாதம் எல்லாவற்றையும் வினிகரில் ஊறப்போடலாமா?

பதில்: கழற்றிய சின்ன இரும்புப் பாகங்களை மட்டும் ஊறப்போடலாம். அலுமினியம் கூடாது. நிக்கல் பூச்சு உரிந்துகொண்டிருக்கும் பாகமும் வேண்டாம், மிச்சப் பூச்சும் போய்விடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். போதும் என்றதும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு விட்டால் கொஞ்ச நேரத்திலேயே புதுத் துரு கிளம்பும்.

கேள்வி: ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தங்கப் பூவேலை துணியோடு வந்துவிட்டது. அம்மாவின் மெஷின்.

பதில்: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பழைய கறுப்பு மெஷின்கள் பலவற்றில் அந்தப் பூவேலைக்கு மேல் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு இருக்கும், அது ஸ்பிரிட்டில் கரையும். போனது போனதுதான். அதே மாதிரிப் பூவேலை ஒட்டும் படமாகக் கிடைக்கிறது, ஆனால் அவசரப்படாதீர்கள். மிச்சத்தைக் காப்பாற்றுங்கள்: பஞ்சில் மெஷின் ஆயில் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். உப்புத்தாள் கிட்டேயே வரக் கூடாது.

கேள்வி: "130 வருடப் பழமை" என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். சீரியல் எண் Y-இல் தொடங்குகிறது.

பதில்: பொய். 1900-க்கு முந்தைய சிங்கர் எண்களில் எழுத்தே கிடையாது.

கேள்வி: பழைய மோட்டாரின் ஒயர் ரப்பர் விரலில் உதிர்கிறது. ஒரு தடவை பிளக்கில் செருகிப் பார்க்கட்டுமா?

பதில்: ஒரு தடவைகூட வேண்டாம். உயிர் போகிற விஷயம் இது. ஒயரை மாற்றிய பிறகு செருகுங்கள். அதுவரை கையால் சக்கரத்தைச் சுற்றித் தையல் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.