பால் போத்தலும் சாராயப் போத்தலும்

கேள்வி: என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன், ஒரு கிலோ எண்ணூறு கிராம். 19 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது எனக்குப் பால் வற்றிவிட்டது, பால்மாவில்தான் வளர்ந்தான். இப்போது 27 வயது. படகு கரையேறினால் நேரே குடிக்கத்தான் போகிறான். தாய்ப்பால் குடிக்காத பிள்ளை பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கேள்விப்பட்ட நாளிலிருந்து மாமி அதையே சொல்லிக் காட்டுகிறா. மருமகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. பிழை என்னிலா? பேரப்பிள்ளைக்கு என்ன செய்யலாம்?
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, அப்படி ஓர் ஆய்வு இருப்பது உண்மைதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1959 முதல் 1961 வரை பிறந்த பிள்ளைகளின் விவரங்களைப் பிறந்த நாளிலிருந்தே எழுதி வைத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முதல் மாதத்துக்குள் பால் மறந்தவர்கள், குடி சம்பந்தமான வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2006இல் வெளியான முடிவு இது.

ஒன்றரை மடங்கு என்றதும் பயந்துவிட்டீர்கள். நூறு பேரில் நான்கு பேர் ஆறு பேர் ஆவதும் ஒன்றரை மடங்குதான், ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மிச்சம் 94 பேரும் பால்மா குடித்து வளர்ந்து, பேசாமல் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அதே டென்மார்க்கில் 1973இல் இன்னொன்று பார்த்தார்கள். குடிக்கு அடிமையானவர்களின் பிள்ளைகளைப் பிறந்த சில கிழமைகளிலேயே வேறு வீடுகளுக்குத் தத்துக் கொடுத்திருந்தார்கள். பெற்ற தகப்பனோடு வளராத அந்த ஆண் பிள்ளைகளுக்கும் குடிநோய் மற்றத் தத்துப் பிள்ளைகளைவிட நான்கு மடங்களவு வந்தது. உங்கள் கடிதத்தில் மகனின் தகப்பனைப் பற்றியோ அவருடைய தகப்பனைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. மாமியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்களேன்.

என் அண்ணன் மூன்று வயது வரை பால் குடித்தவர். வேப்பெண்ணெய் தடவியும் மறக்கவில்லை என்று அம்மா சொல்வா. அந்த அண்ணனைத்தான் டச் பே கடற்கரையில் விடிய நாலு மணிக்கு டோர்ச் அடித்துத் தேடியிருக்கிறேன். சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் ஒரு கையால் பிடித்தபடி வீடுவரை உருட்டி வருவேன்.

பாலைவிடப் பிரிவுதான் பெரிய விஷயமோ என்று எனக்கு ஒரு எண்ணம். எலிக்குஞ்சுகளைத் தாயிடமிருந்து நாளுக்குப் பதினைந்து நிமிடம் பிரித்தால் பெரிய பாதிப்பில்லை. நாள்தோறும் மணிக்கணக்காகப் பிரித்தபோது, வளர்ந்த பிறகு மதுசாரம் கலந்த தண்ணீரைக் கூடுதலாகக் குடித்ததைப் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எலி வேறு, மனிதர் வேறு, சரி. ஆனாலும் நான் மருத்துவமாதாக இருந்த காலத்தில், குறைமாதப் பிள்ளையின் தாய் கண்ணாடிக்கு வெளியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மார்பு கட்டி, சட்டை நனைந்து நிற்பா. அந்தப் பாலைப் பிழிந்து கோப்பையால் பருக்கலாம் என்று உங்களுக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை. அது எங்களைப் போன்றவர்களின் பிழை, தங்கச்சி. உங்களுடையது இல்லை.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டிவைத்தார்கள். கங்காரு முறை என்று இன்று உலகமெங்கும் செய்வது அதைத்தான். மருமகளுக்கும் பிள்ளை பிறந்தவுடன் நெஞ்சில் போட்டு, முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே பால் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். சீனித்தண்ணியும் வேண்டாம், கோரோசனையும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற என்று முட்டையில் பிரண்டி அடித்துக் கொடுக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விடுங்கள். அது பாலுக்குள் போகும், பால் இறங்குவதையும் குறைக்கும்.

இனி முக்கியமானது. எங்கள் வீடுகளில் தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். குடித்துவிட்டு உறங்குகிறவருக்குப் பக்கத்தில் பிள்ளை நசிபட்டாலும் தெரியாது, மூச்சு முட்டினாலும் தெரியாது. வாய் மணத்தால் அன்றைக்கு உங்கள் மகனின் பாய் விறாந்தையில். அழுதாலும் சண்டை பிடித்தாலும் விறாந்தையில்தான்.

அவன் தினமும் நிறையக் குடிக்கிறவன் என்றால், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒரே நாளில் விடச் சொல்லாதீர்கள். கை நடுங்கும், சிலருக்கு வலிப்பும் வரும். முதலில் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வெளியே தெரிந்துவிடும் என்று கூச்சப்பட்டால் 1926க்கு எடுத்துக் கதைக்கச் சொல்லுங்கள், மனநல உதவிக்கான இலக்கம் அது.

அப்புறம், தகப்பனும் கங்காருவாகலாம். கடலுக்குப் போகாத காலையில், வாய் மணக்காத நாளில், குளித்துவிட்டு வரட்டும். சட்டை இல்லாமல் சாய்மனைக் கதிரையில் இருத்தி, பிள்ளையை அவன் நெஞ்சில் வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி இருக்கிறதா, மூக்கு மூடவில்லையா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவன் கண் சொருகினால் பிள்ளையைத் தூக்கிவிடுங்கள்.