‘தெரியலக்கா’ என்கிற பெண்ணோடு நான்கு சனிக்கிழமைகள்

கேள்வி: அக்கா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வட்டாரத் துணைப்பாட வகுப்பில், உயர்நிலை 3இல் படிக்கும் ஒரு மாணவிக்கு என்னை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். “என்ன ஆகணும்னு ஆசை?” என்று கேட்டால் “தெரியலக்கா” என்பதோடு சரி. அவள் அம்மாவுக்கு அவளை டாக்டராக்க ஆசை. பள்ளியின் வி.ஐ.ஏ. என்கிற சமூக சேவைத் திட்டத்துக்காக அவள் ஒரு தாதிமை இல்லத்துக்கு நான்கு சனிக்கிழமை போகிறாள். நானும் கூடப் போகலாமாம். அவளோ “மணிக்கணக்குக்காகத்தானே அக்கா” என்கிறாள். இதை வைத்து அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிப் பேச முடியுமா?
— வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் ‘தெரியலக்கா’வை நம்புங்கள். 15 வயதுப் பெண் இதுவரை எத்தனை பேர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள்? ஆசிரியர், டாக்டர், பஸ் ஓட்டுநர், புரோட்டாக் கடைக்காரர், அப்புறம் அப்பாவும் சித்தப்பாவும் பார்க்கிற வேலை. பார்க்காத ஒன்றுக்கு ஆசைப்பட முடியாது.

தாதியாக 28 வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரே தாழ்வாரத்தில் பத்து விதமான வேலையைப் பார்க்கலாம் என்றால் அது தாதிமை இல்லத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படி ஓர் உயர்நிலை 3 மாணவியை அழைத்துப் போனேன். முதல் நாள் முழுக்கச் சுவரோரம் கைப்பேசியோடு நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை போனது சீனப் புத்தாண்டுச் சமயம். ஆளுக்கு இரண்டு மாண்டரின் ஆரஞ்சு கொடுத்துக்கொண்டே போனோம். திரும்பி வரும்போது ஒரு பாட்டியின் மடியில் பழம் வைத்தது வைத்தபடியே இருந்தது. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்திருந்தது. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை, இவள்தான் கவனித்தாள். தோலை உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒரு சுளையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள். தாதி ஓடிவந்து தடுத்தார். பாட்டிக்கு விழுங்குவதில் சிரமம், புரையேறிவிடும். தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். “அதை யார் முடிவு பண்றாங்க?” என்று கேட்டாள். விழுங்குவதையும் பேச்சையும் பார்க்கிற தெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறார் என்று தாதி சொன்னார். அப்படி ஒரு வேலை இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வழி நெடுக அதே பேச்சு.

மூன்றாம் முறை, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் அதே பாட்டியின் கரண்டிப் பிடியில் தடிமனாக ஸ்பாஞ்ச் சுற்றிக்கொண்டிருந்தார், இடது கையால் பிடித்துச் சாப்பிடுவதற்காக. அன்று இரவு வீட்டில் இவள் வலது கையில் சாக்ஸைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இடது கையால் சோறு சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பாதிச் சோறு மேசையில். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, “அக்கா, ஸ்பாஞ்ச் மட்டும் போதாது, கரண்டியே வளையணும்” என்றாள். பிறகு அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் எடுத்தது பொருள் வடிவமைப்பு. மருத்துவமும் இல்லை, தாதிமையும் இல்லை. அந்தக் கரண்டிதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். அதற்கு முன்பு நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. முதியவர்களிடம் அன்பாகப் பேசிய வேறொரு பெண்ணிடம், “உனக்கு நல்ல மனசு, நீ தாதியாப் போ” என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தாள். ஒரு வருடத்துக்குள் அழுதுகொண்டே விலகினாள். இரத்தத்தைப் பார்த்தாலே அவளுக்கு மயக்கம் வருமாம். நான் கேட்கவே இல்லை. அதனால் உங்கள் மாணவிக்கு என்ன வேலை பொருந்தும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, மைலோ வாங்கிக் கொடுத்து, இரண்டே கேள்வி கேளுங்கள். இன்றைக்கு எது உனக்குப் புரியவில்லை? அதைப் புரிந்து வைத்திருந்தவர் யார்? “அந்த வாடை எனக்கு ஆகாது, திரும்பப் போக மாட்டேன்” என்று சொன்னாலும் சரி, அவளைப் பற்றி அவளே ஒன்று தெரிந்துகொண்டாள்.

மணிக்கணக்கு விஷயத்தில் அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1997இல் இந்தச் சேவைத் திட்டம் தொடங்கியபோது சி.ஐ.பி., அதாவது சமூக ஈடுபாட்டுத் திட்டம் என்று பெயர், ஆண்டுக்கு 6 மணி நேரம் என்று கணக்கு. 2012இல் வி.ஐ.ஏ. ஆன பிறகு, மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார் என்பதற்கு முக்கியத்துவம் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் வாயில் இன்னும் மணிதான். நான்கு வாரமும் அவளை ஒரே முதியவரிடம் உட்கார வையுங்கள், அந்தப் பேச்சு தானாகக் குறையும். போவதற்கு முன்பு இல்லத்துக்குப் போன் போட்டு, அவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் பேச ஆளில்லாமல் இருக்கும் ஒரு பாட்டிக்கு நம் பிள்ளைகள் ஆடும் நடனத்தைவிட ஒரு மணி நேரப் பேச்சு பெரிது.

அங்கே வேலை செய்கிறவர்களிடம், ஓய்வு நேரமாகப் பார்த்து, “நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?” என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தொடங்கி, பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக மேலே வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். டாக்டர் தவிர வேறு வழி தெரியாத அம்மாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம், இந்தக் கதைகளை மகளே வீட்டில் போய்ச் சொல்லட்டும். பள்ளியின் கல்வி, வேலை வழிகாட்டி ஆலோசகரிடமும் அவள் பேசலாம். உங்கள் கல்லூரியின் முன்கூட்டிய சேர்க்கைக்கு, அதுதான் இ.ஏ.இ., தேர்வு முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று நேர்காணலில் கேட்பார்கள். சாக்ஸ் கட்டிச் சாப்பிட்ட கதை மாதிரி ஒன்று அவளிடமும் அப்போது இருக்கலாம்.

இன்னொன்று. நான்காவது சனிக்கிழமைதான் கடைசி என்றால், அதை மூன்றாவது சனிக்கிழமையே அந்த முதியவரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் நின்றுவிட்டோம். அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் அந்தப் பாட்டி தலைவாரிக்கொண்டு வாசல் பக்கம் சக்கர நாற்காலியைத் திருப்பி வைக்கச் சொன்னாராம். தாதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.